சீனியரின் லேப்டாப்பில் மட்டும் ஓடும் பில்ட்

கேள்வி: கோவையில் ஒரு சிறிய சாஃப்ட்வேர் கம்பெனியில் நான்கு வருடமாக வேலை செய்கிறேன். டெவலப்பர்கள் மொத்தம் ஆறு பேர். மொத்த வியாபாரிகளுக்கான பில்லிங் சாஃப்ட்வேர் எங்களுடையது. சர்வர் பக்கம் ஜாவா, சேல்ஸ்மேன்கள் ஆர்டர் எடுக்க ஒரு ஆண்ட்ராய்டு ஆப். ரிலீஸ் எல்லாமே சீனியர் அண்ணன் ஒருவருடைய லேப்டாப்பிலிருந்துதான் போகும். அவர் இப்போது வேலையை விடுகிறார், நோட்டீஸ் பீரியடில் மூன்று வாரம்தான் மிச்சம். கோடை ஓடும் சாஃப்ட்வேராகக் கட்டும் வேலையை, அதாவது பில்டை, தானாகச் செய்து டெஸ்ட்களையும் ஓட்டும் ஜென்கின்ஸ் என்ற கருவியை இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பழைய டெஸ்க்டாப்பில் போட்டோம். சில மாதங்களில் அது பில்ட் தோல்வி என்று எப்போதும் சிவப்பே காட்ட ஆரம்பித்தது, இப்போது யாரும் திறந்து பார்ப்பதுகூட இல்லை. அதையே சரிசெய்வதா, அதே வேலையை இணையத்தில் செய்து தரும் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸுக்குப் போவதா? "ஒரு பட்டனை அமுக்க எதற்குத் தனியா ஒரு சர்வர்?" என்று மேனேஜர் கேட்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

பதில்: அன்புள்ள சகோதரி,

ஜென்கின்ஸா, ஆக்‌ஷன்ஸா என்ற கேள்வி ஒரு வாரம் காத்திருக்கலாம். இன்று மாலைக்குள் முடிக்க வேண்டிய வேலை வேறு ஒன்று இருக்கிறது. உங்கள் ஆண்ட்ராய்டு ஆப் உங்களுடையதுதான் என்று கையெழுத்திடும் சாவியை வைத்திருக்கும் கீஸ்டோர் ஃபைல் எங்கே இருக்கிறது என்று அண்ணனிடம் கேளுங்கள். கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ரிலீஸ் ஒரே லேப்டாப்பிலிருந்து போகிறது என்றால் அந்த ஃபைலும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும், அங்கே மட்டும்தான் இருக்கும்.

போனில் ஏற்கெனவே இருக்கும் ஆப்பின் மேல் புது வெர்ஷனை ஏற்றும்போது, இரண்டின் கையெழுத்தும் ஒன்றுதானா என்று ஆண்ட்ராய்டு பார்க்கும். பொருந்தவில்லையென்றால் ஏற்றாது. உங்கள் ஆப் 2021 ஆகஸ்ட்டுக்குப் பிறகு பிளே ஸ்டோருக்குப் போனது என்றால் கவலை குறைவு. அந்த மாதத்திலிருந்து புதிய ஆப்களுக்கு அசல் சாவியை கூகுள் வைத்துக்கொள்கிறது. உங்கள் கையில் இருப்பது அப்லோடு சாவிதான். அது தொலைந்தால் பிளே கன்சோல் வழியாகக் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். அதற்கு முந்தைய ஆப், கூகுளின் அந்த ஏற்பாட்டில் சேரவும் இல்லை, அல்லது ஆப்பை ஏற்ற உதவும் ஏபிகே ஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்பி நேரடியாக ஏற்றச் சொல்கிறீர்கள் என்றால், அந்த ஒரு ஃபைலில்தான் உங்கள் ஆப்பின் உயிர் இருக்கிறது. தொலைந்துவிட்டால் ஒவ்வொரு சேல்ஸ்மேனும் பழைய ஆப்பை அழித்துவிட்டுத்தான் புதியதை ஏற்ற முடியும். சிக்னல் இல்லாத ஊரில் எடுத்து, இன்னும் சர்வருக்கு வந்து சேராத ஆர்டர்களும் பழைய ஆப்போடு அழிந்துவிடும்.

ஃபைல் மட்டும் கிடைத்தால் போதாது. கீஸ்டோரின் பாஸ்வேர்டு, உள்ளே இருக்கும் சாவியின் பெயர் (ஏலியஸ்), அந்தச் சாவிக்கான பாஸ்வேர்டு ஆகிய மூன்றும் வேண்டும். அண்ணனுக்கே இவை நினைவில் இல்லாமல் இருக்கலாம். ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ பாஸ்வேர்டைச் சேமித்து வைத்திருக்கும், அல்லது ஹோம் ஃபோல்டரில் உள்ள, ஆண்ட்ராய்டு பில்ட் கருவியான கிரேடிலின் பிராப்பர்டீஸ் ஃபைலில் எப்போதோ எழுதி வைத்திருப்பார். வாங்கியதும் உங்கள் மெஷினில் வைத்து, ஜாவாவோடு வரும் கீடூலால் திறந்து பாருங்கள். அது காட்டும் கைரேகையை (சாவியின் அடையாளக் குறியீட்டை), கடைசியாக அண்ணன் வெளியிட்ட பில்டின் கைரேகையோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். ஏறக்குறைய ஒரே பெயரில் மூன்று கீஸ்டோர்கள் ஒரே ஃபோல்டரில் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன், அதனால்தான் சொல்கிறேன். சரியானது என்று உறுதியானதும் ஒரு பிரதி கம்பெனியின் பாஸ்வேர்டு மேனேஜரில், இன்னொன்று பென் டிரைவில் முதலாளியின் லாக்கரில். கோடு எல்லாம் இருக்கும் கிட் ரெப்போவில் போட்டுவிடவே கூடாது.

இனி மூன்று வாரத்தை எப்படிச் செலவழிப்பது என்று பார்ப்போம்.

ஒரு காலி மெஷின் எடுங்கள். கம்பெனியில் சும்மா கிடக்கும் லேப்டாப் போதும், விர்ச்சுவல் மெஷினும் போதும். அதில் ரெப்போவை கிட் குளோன் செய்து (முழுப் பிரதி எடுத்து), ரீட்மீ என்ற குறிப்பு ஃபைலில் எழுதியிருப்பதை மட்டும் வைத்து பில்ட் பண்ணிப் பாருங்கள். முதல் முறை ஓடாது. ஓடாத ஒவ்வொரு இடத்திலும் அண்ணனிடம் கேட்டு, பதிலை நோட்டில் எழுதாமல் ரெப்போவுக்குள்ளேயே ஸ்கிரிப்டாகவோ கான்ஃபிகரேஷனாகவோ எழுதுங்கள். மெஷினைத் துடைத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பியுங்கள். ஒரே கட்டளையில், யாரையும் எதுவும் கேட்காமல் பில்ட் முடியும் வரைக்கும் இதையே செய்யுங்கள். பில்ட் சர்வரின் வேலையில் பெரும்பகுதி இதுதான். சர்வர் என்பது உங்கள் கம்பெனியைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஒரு மெஷின். அதற்குப் புரியும்படி எழுதி வைத்துவிட்டீர்கள் என்றால் எந்தக் கருவியைத் தேர்ந்தெடுத்தாலும் ஓடும். எழுதாமல் விட்டீர்கள் என்றால் ஜென்கின்ஸும் ஆக்‌ஷன்ஸும் ஒன்றுபோலத்தான் சிவப்பு காட்டும். உங்கள் பழைய ஜென்கின்ஸ் நொடித்துப் போனதற்கும் இதுதான் காரணமாக இருக்கும் என்பது என் ஊகம்.

எதெல்லாம் வெளியே வரும் என்று என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். ஜாவா வெர்ஷன் முதலில் வரும்: அண்ணன் மெஷினில் 8, உங்களிடம் 17. பிரிண்டர் கம்பெனி ஈமெயிலில் அனுப்பிய ஒரு ஜார் ஃபைலை (ஜாவா லைப்ரரி), ஜாவா பில்ட் கருவியான மேவன் லைப்ரரிகளைச் சேமித்து வைக்கும் கேஷுக்குள் யாரோ கையால் போட்டிருப்பார்கள். அது இணையத்தில் எங்கும் கிடைக்காது. விண்டோஸ் ஃபைல் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்க்காது, லினக்ஸ் பார்க்கும். வருடக்கணக்காகச் சரியாகத் திறந்த ஃபைல் அங்கே போனதும் கிடைக்காது. ஆண்ட்ராய்டு பக்கம் கிரேடில் ஃபைலில் ஜேசென்டர் என்று இருக்கிறதா என்று உடனே தேடிப் பாருங்கள். அந்த லைப்ரரிக் கிடங்கை மூடப்போவதாக ஜேஃப்ராக் நிறுவனம் 2021 பிப்ரவரியில் அறிவித்தது. அங்கே மட்டும் இருந்த பழைய லைப்ரரிகளை நம்பியிருந்த ஆப்கள் பல. அண்ணன் லேப்டாப்பில் அவற்றின் பிரதி கேஷில் இருக்கும் வரை அவருக்கு பில்ட் ஓடும். கேஷ் அழிந்த நாளில் அவராலும் முடியாது. அவர் லேப்டாப்பை ஐடி ஆட்கள் ஃபார்மேட் செய்வதற்கு முன் இதைக் கண்டுபிடித்தாக வேண்டும்.

தமிழ் எழுத்து விஷயம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும், உங்களுக்கு இது கட்டாயம் வரும். நான் வேலை பார்த்த ஒரு இடத்தில் பில்லின் தலைப்பில் கடைப்பெயர் தமிழில் அச்சாகும். வழக்கமாக பில்ட் போடுபவர் ஊருக்குப் போயிருந்த ஒரு நாள், வேறொரு விண்டோஸ் மெஷினிலிருந்து பில்ட் போட்டு அனுப்பினோம். பில்ட் வெற்றி என்றுதான் காட்டியது. மறுநாள் காலையில் கடைக்காரர்கள் அனுப்பிய பில் படங்களில் தமிழ் முழுக்க உருத்தெரியாத குறிகளாக இருந்தது. காரணம் இதுதான்: சோர்ஸ் ஃபைல் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறிமுறையில் (என்கோடிங்) இருந்தது, ஆனால் எந்த என்கோடிங்கில் படிக்க வேண்டும் என்று பில்டில் யாரும் எழுதவில்லை. பழைய ஜாவா அந்த மெஷினின் இயல்பான என்கோடிங்கை எடுத்துக்கொண்டது. ஊருக்குப் போனவருடைய லேப்டாப்பில் மட்டும் ஏதோ ஒரு காலத்தில் யூடிஎஃப்-8 என்று ஒரு என்விரான்மென்ட் வேரியபிள் போட்டு வைத்திருந்தார், போட்டதையே மறந்தும் விட்டார். இந்த பில்ட் மெஷினுக்கு மெஷின் மாறும் என்று மேவன் ஒவ்வொரு முறையும் ஒரு வரி எச்சரிக்கை போட்டுக்கொண்டேதான் இருந்தது. 300 வரி லாகில் அதை யார் படிக்கிறார்கள்? மேவனின் பாம் ஃபைலில் சோர்ஸ் என்கோடிங் என்று ஒரே வரி சேர்த்தோம், தீர்ந்தது. ஜாவா 18இலிருந்து யூடிஎஃப்-8தான் இயல்பு என்று ஆகிவிட்டாலும், நீங்கள் பழைய வெர்ஷனில் இருந்தால் இன்றே அந்த வரியைச் சேர்த்துவிடுங்கள்.

நேரமும் இப்படித்தான். வாடகை சர்வர்கள் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும், நாம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். ஏப்ரல் 1, நள்ளிரவு 12:40க்கு நீங்கள் ஒரு கமிட்டை, அதாவது கோடு மாற்றத்தை, சர்வருக்கு புஷ் செய்தால், சர்வருக்கு அப்போது மார்ச் 31, மாலை 7:10. நிதியாண்டைக் கணக்கிடும் டெஸ்ட் உங்கள் மெஷினில் பச்சை, சர்வரில் சிவப்பு. சர்வர் பைத்தியம் என்று தோன்றும். உண்மையில் உங்கள் கோடில் டைம்ஸோன் எழுதப்படவில்லை என்பதை அது காட்டிக்கொடுக்கிறது. அதே கோடு நாளை ஏதோ ஒரு கிளவுடில் ஓடும்போது வாடிக்கையாளரின் இன்வாய்ஸ் தவறான நிதியாண்டில் விழுந்திருக்கும்.

அண்ணனைப் பற்றியும் ஒரு வார்த்தை. இத்தனை வருடம் ரிலீஸ் இரவுகளில் விழித்திருந்தவர் அவர். எல்லாவற்றையும் தனக்குள் வைத்துக்கொண்டார் என்று யாராவது பேசினால் அதில் சேராதீர்கள்; எழுதி வைக்க அவருக்கு யாரும் நேரம் கொடுத்திருக்க மாட்டார்கள். "அண்ணா, அடுத்த ரிலீஸை நான் போடுறேன், நீங்க பக்கத்துல உக்காந்து பாருங்க, கீபோர்டைத் தொடாதீங்க" என்று கேளுங்கள். அவர் பார்க்க நீங்கள் செய்யும்போதுதான், "ஆங், அதுக்கு முன்னாடி அந்த ஃபைலை மாத்தணும்" என்று அவருக்கே நினைவு வரும். எழுதிக் கொடுங்கள் என்று கேட்டால் அந்த வரி வராது. மூன்று வாரத்தில் இப்படி இரண்டு ரிலீஸ்களாவது முடித்துவிடுங்கள், இரண்டாவதில் அவர் வேறு அறையில் இருக்கட்டும்.

இப்போது கருவிக்கு வருவோம். அந்தப் பழைய டெஸ்க்டாப்பை அணைத்துவிடுங்கள். இத்தனை காலம் யாரும் தொடாத ஜென்கின்ஸில் அப்டேட்டும் போட்டிருக்க மாட்டீர்கள். 2024 ஜனவரியில் ஜென்கின்ஸில் பெரிய ஓட்டை ஒன்று வெளியே வந்தது. கமாண்ட் லைன் வழியாக ஒரு ஃபைலின் பாதைக்கு முன்னால் அட் குறி போட்டு அனுப்பினால், சர்வர் அந்த ஃபைலின் உள்ளடக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிடும். 2.441 வரையிலான வெர்ஷன்களில் அது இருந்தது, 2.442இல் அடைத்தார்கள். வீட்டிலிருந்து பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று யாராவது ரவுட்டரில் போர்ட் திறந்து வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். திறந்திருந்தால், அந்த மெஷினில் இருந்த எல்லாப் பாஸ்வேர்டுகளையும் மாற்றிவிடுங்கள்.

ஜென்கின்ஸ் மட்டமான கருவி என்று சொல்ல வரவில்லை, அதன்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்த கோசுகே கவாகுச்சி 2004இல் ஹட்சன் என்ற பெயரில் அதை எழுத ஆரம்பித்தார். தன் கோடால் பில்ட் உடைந்து, கூட வேலை செய்பவர்களின் கோபத்துக்கு ஆளாவது அவருக்கு அலுத்துப்போயிருந்தது. மற்றவர்கள் கண்டுபிடிக்கும் முன் தானே கண்டுபிடிக்கத்தான் ஒரு நிரல் எழுதினார். ஆரக்கிள் 2010இல் சன்னை வாங்கியது, பெயருரிமையில் தகராறு வந்தது, 2011இல் அதை உருவாக்கிவந்த சமூகம் ஜென்கின்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டது. இன்றும் பெரிய நிறுவனங்களில் அது உழைக்கிறது. ஆனால் அதற்குப் பராமரிக்க ஆள் வேண்டும்: பிளகின் அப்டேட், டிஸ்க் நிரம்புவது, பேக்கப், கரண்ட் போனால் மறுபடி எழுப்புவது. ஆறு பேரில் ஒருவருக்கு இந்த வேலையையும் கொடுத்தால், அவசர ரிலீஸ் வாரத்தில் முதலில் கைவிடப்படுவது இதுதான்.

உங்கள் கோடு கிட்ஹப்பில் இருக்கிறது என்றால் ஆக்‌ஷன்ஸே போதும். அதன் இலவசத் திட்டத்தில் தனியார் ரெப்போக்களுக்கு மாதம் 2,000 நிமிடம் தருகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு பில்டுக்கு 8 நிமிடம், ஒரு நாளைக்கு 12 புஷ், மாதம் 22 வேலைநாள் என்றால் 2,112 நிமிடம். கொஞ்சம் மீறுகிறது. ஆண்ட்ராய்டு ஃபோல்டர் மாறினால் மட்டும் ஆப்பை பில்ட் செய்வது, அதே பிரான்ச்சில் (கோடின் கிளையில்) புது புஷ் வந்தால் பழைய ஓட்டத்தை ரத்து செய்வது என்ற இரண்டே வரிகளில் அது வெகுவாகக் குறைந்துவிடும். அதன் பிறகும் மிஞ்சினால் வரும் கட்டணம், ஒரு டெவலப்பரின் அரை நாள் சம்பளத்தைக்கூடத் தொடாது என்றே நினைக்கிறேன்.

சிவப்பு விளக்கு பற்றி. ஒரு குழு சிவப்பைப் பார்ப்பதை நிறுத்திவிட்டால் பில்ட் சர்வர் கரண்ட் செலவுதான். பெரும்பாலும் அப்படி ஆவது ஓரிரு டெஸ்ட்களால். பத்து முறையில் ஒரு முறை காரணமே இல்லாமல் விழும், மறுபடி ஓட்டினால் பச்சையாகிவிடும். "அது அப்படித்தான், திரும்ப ஓட்டு" என்ற பழக்கம் வந்ததும், உண்மையான சிவப்பும் அந்தக் கணக்கிலேயே சேர்ந்துவிடும். கூகுளிலும் இந்தத் தொல்லை உண்டு. தங்கள் டெஸ்ட்களில் ஏறக்குறைய 16 விழுக்காட்டில் இந்த நிலையற்ற தன்மை ஓரளவேனும் இருப்பதாக 2016இல் அவர்களே எழுதினார்கள். அதனால் வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்படி ஒரு டெஸ்ட்டைக் கண்டதும் தனி இடத்துக்கு நகர்த்துங்கள், யார் சரிசெய்வார், எந்தத் தேதிக்குள் என்று மேலே எழுதுங்கள். மிச்சம் இருப்பவை விழுந்தால் அது நிஜம் என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும். 200 டெஸ்ட்களை எழுதிவிட்டு நம்பாமல் இருப்பதைவிட, நம்பத்தகுந்த 20 டெஸ்ட்களோடு ஆரம்பியுங்கள்.

மெயின் பிரான்ச் சிவப்பானால் கால் மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும், முடியாதென்றால் அந்தக் கமிட்டை ரிவர்ட் செய்து நீக்கிவிட்டு நிதானமாகப் பார்க்க வேண்டும். இதை எல்லோருடைய ஒப்புதலோடு முதல் நாளே பேசி வையுங்கள், மேனேஜரின் கமிட் உடைத்தாலும் இதே விதிதான். உடைத்தவர் பெயரைச் சொல்லிக் கேலி செய்யும் பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். கேலிக்குப் பயந்த ஜூனியர் கமிட் செய்வதையே தள்ளிப்போடுவார், வெள்ளிக்கிழமை மாலை ஒரு வார வேலையை ஒரே கட்டாகக் கொண்டுவந்து கொட்டுவார். பில்டும் பத்து நிமிடத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தாண்டினால் யாரும் முடிவுக்காகக் காத்திருக்க மாட்டார்கள்.

கீஸ்டோரைச் சர்வரில் ஏற்றும் நாளில் கவனமாக இருங்கள். ஆக்‌ஷன்ஸின் ரகசியப் பெட்டகத்தில் வைத்து, ரிலீஸுக்கான வெர்ஷன் குறியை (டேக்) போடும்போது ஓடும் வேலைக்கு மட்டும் அதைக் கொடுங்கள். ஒவ்வொரு புஷ்ஷுக்கும் ஓடும் டெஸ்ட் வேலைக்கு அது எட்டவே கூடாது. பிறர் எழுதி வைத்த தயார் நிரல்துண்டுகளான ஆக்‌ஷன்களைச் சேர்க்கும்போது வெர்ஷன் பெயரை நம்பாமல் முழுக் கமிட் எண்ணைக் குறிப்பிடுங்கள். 2025 மார்ச்சில், மாறிய ஃபைல்களைப் பட்டியலிடும் பிரபலமான ஆக்‌ஷன் ஒன்றில் யாரோ நுழைந்து, பழைய வெர்ஷன் டேக்குகளை எல்லாம் தங்கள் கோடின் பக்கம் திருப்பிவிட்டார்கள். 23,000க்கும் மேற்பட்ட ரெப்போக்கள் அதைப் பயன்படுத்திவந்தன. அது ஓடிய இடங்களில் ரகசியங்கள் பில்ட் லாகிலேயே அச்சாகின. கமிட் எண்ணைப் பூட்டி வைத்திருந்தவர்களை அந்த டேக் திருப்பல் தொடவில்லை.

மேனேஜரின் கேள்விக்கு வருகிறேன். அவர் கேட்டது நியாயமான கேள்விதான். பட்டனை அமுக்குவது ஒருவர், ஒரு முறை என்றால் சர்வர் வேண்டாம். அதே பட்டனை எட்டு இடத்தில், ஒவ்வொரு முறையும் அதே வரிசையில், களைப்பில்லாமல் அமுக்க வேண்டும் என்பதில்தான் மனிதர் தவறுகிறோம். அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனமான நைட் கேப்பிட்டல், 2012இல் புதுக் கோடை எட்டு சர்வர்களில் கையால் ஏற்றியது. ஒரு சர்வர் விடுபட்டுப் போனது, இரண்டாவது ஆள் சரிபார்க்கவும் இல்லை. ஆகஸ்ட் 1 காலை சந்தை திறந்ததும், அந்த ஒரே சர்வரில் தூங்கிக்கொண்டிருந்த பழைய கோடு விழித்துக்கொண்டு ஆர்டர்களை அனுப்பித் தள்ளியது. சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கும் மேல் நஷ்டம். சில மாதங்களில் அந்த நிறுவனமே வேறொன்றோடு இணைய ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது.

ஆனாலும் அமெரிக்கக் கதையைவிடச் சொந்தக் கணக்குதான் மேனேஜரிடம் எடுபடும். கடந்த ஆறு மாத ரிலீஸ்களை எடுத்து எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எத்தனை மணி நேரம் ஆனது, எத்தனை முறை அண்ணன் லீவில் இருந்ததால் ஒரு நாள் தள்ளிப்போனது, எத்தனை முறை அனுப்பிய பில்டைத் திரும்ப வாங்கினீர்கள் என்று ஒரே பக்கம் போதும். அதன் கீழே, அண்ணன் போன பிறகு இந்த வேலையை யார் செய்வார் என்ற கேள்வியை எழுதி, பதிலுக்கான இடத்தைக் காலியாக விட்டு அவர் மேஜையில் வையுங்கள்.

கீஸ்டோர் கிடைத்ததா, கைரேகை பொருந்தியதா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். பொருந்தவில்லையென்றால் அவருடைய பழைய லேப்டாப், பேக்கப் டிஸ்க், மெயில் எல்லாவற்றையும் தேட வேண்டியிருக்கும். அந்தத் தேடலை அவர் கூட இருக்கும்போதே தொடங்கிவிடுங்கள்.